சிப்பிப்பாறைக் குட்டி வாங்கலாமா? வீட்டில் ஏற்கெனவே பொமரேனியனும் நாட்டு நாயும் இருக்கின்றன

மாடிவீடு:
வணக்கம். சாத்தூர்ப் பக்கம் ஓர் ஈற்றில் செவலை நிறச் சிப்பிப்பாறை (வேட்டை நாய் இனம்) ஆண்குட்டி சொல்லி வைத்திருக்கிறோம். இன்றைக்கு 32 நாள். 40ஆம் நாள் வந்து தூக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். வீட்டில் 4 வயதுப் பொமரேனியன் ஆண், எடை 6 கிலோ. கூடவே 6 வயது நாட்டு நாய், பெண். இரண்டுக்கும் கு.க. (கருத்தடை அறுவை) செய்யவில்லை. சுற்றுச்சுவர் நாலரை அடி. "வேட்டை ரத்தம், பெரிசானதும் சின்னதைக் கடித்துப் போட்டுவிடும்" என்கிறார்கள் சிலர். "குட்டியிலிருந்தே சேர்ந்து வளர்ந்தால் ஒன்றும் செய்யாது" என்கிறார்கள் சிலர். எதை நம்ப?

கரிசல்:
ரெண்டுமே பாதி சரி சார். சிப்பிப்பாறை சண்டைக்காரன் கிடையாது. முயலுக்கு விடும்போது ஒன்றுக்கு மேற்பட்ட நாய்களைச் சேர்த்தே விட்டுப் பழகிய இனம். சக நாயோடு மல்லுக்கு நிற்பவை அந்த வேலைக்கே ஆகாது. (இப்போது முயல் வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், யாரும் அந்த ஆசையில் வாங்க வேண்டாம்.) வீட்டுக்குள் பாயில் சுருண்டு கிடக்கும். வம்பு வருவது வேறு இடத்தில்: ஓட்டத்தில்.

இது மோப்பத்தை நம்புகிற நாய் இல்லை, கண்ணை நம்புகிற நாய். வெள்ளையாய், புசுபுசுவென்று, குட்டையாய் ஒன்று தன்னை விட்டு விலகி ஓடினால், அது கூடவே படுத்துத் தூங்குகிற பொமரேனியன் என்பது அந்த நொடியில் அதற்கு உறைக்காது. உறுமாது, குரைக்காது. தலை தோள் மட்டத்துக்குத் தாழும், காது பின்னால் ஒட்டும், வாய் மூடும், வால் ஆட்டம் நிற்கும். அந்தப் பார்வையை ஒருதரம் பார்த்துவிட்டால் மறக்காது. அதற்கப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பயனில்லை. பார்வை பூட்டுவதற்கு முன்னால் திருப்பினால்தான் உண்டு. ஓடுகிறது பயத்தில் கீச்சென்று கத்தினால் இன்னும் மோசம்.

ஆகவே என் கணக்கு இதுதான். வீட்டுக்குள் ஒன்றாக இருக்கலாம். திறந்த வெளியில் ரெண்டையும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடவே கூடாது, எத்தனை வருஷம் பழகியிருந்தாலும். நாட்டு நாயும் சேர்ந்து மூன்றாகத் துரத்தினால் விளையாட்டு வேட்டையாக மாற அரை நிமிஷம் போதும். ஏழெட்டு மாதத்தில் கால் நீண்டு முழு ஓட்டம் வரும், அதிலிருந்தே இந்தக் கட்டுப்பாடு வேண்டும்.

நாலுகால்:
கரிசல் அண்ணன் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 40 நாளில் குட்டியைத் தூக்காதீர்கள். 56 நாள், அதாவது எட்டு வாரம், தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்கட்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் எதிராளி விளையாட்டை நிறுத்திவிடுவான் என்று அது கற்பது அந்தக் கடைசி மூன்று வாரத்தில்தான். சீக்கிரம் பிரித்த குட்டி பல்லை அடக்கத் தெரியாமல் வளரும், அடி வாங்குவது உங்கள் 6 கிலோ பொமரேனியன். விற்கிறவர் அவசரப்பட்டால் அந்தக் கூடுதல் நாட்களின் தீனிச் செலவைக் கொடுத்து அங்கேயே வைக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும்:

முதல் 10 முதல் 14 நாள் தனி அறை, தனித் தட்டு. பார்வோ (குட்டிகளுக்கு வருகிற வாந்தி, பேதி வைரஸ் நோய்) இருந்தால் பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும். பெரிய நாய்கள் ரெண்டுக்கும் தடுப்பூசி நடப்பில் இருக்கிறதா என்று முன்னமே பாருங்கள். அறையை மூடி வைத்துவிடாதீர்கள். வாசலில் கம்பித் தடுப்பு போட்டு, பார்க்கவும் மோக்கவும் விடுங்கள். குட்டி படுத்த துணியைப் பெரியவற்றின் இடத்திலும், அவற்றின் துணியைக் குட்டியிடமும் மாற்றிப் போடுங்கள்.

அப்புறம் முதலில் நாட்டு நாயோடு மட்டும், ஒரு வேளைக்கு 5 நிமிஷம். பெரியது கயிற்றில் இருக்கட்டும், ஆனால் கயிறு தொய்வாக. இறுக்கிப் பிடித்தால் அந்த இறுக்கமே அதை முறைக்க வைக்கும். அது உறுமினால் திட்டாதீர்கள். உறுமல் எச்சரிக்கை; அதை அடக்கினால் அடுத்தமுறை எச்சரிக்காமல் கடிக்கும். குட்டி விலகிப் போக வழி இருக்கிறதா, மூலையில் மாட்டவில்லையா என்பதை மட்டும் பாருங்கள். பொமரேனியன் கடைசியில். அதற்குக் குட்டி ஏற முடியாத உயரத்தில் ஓர் இடம் வேண்டும், கட்டிலோ திண்ணையோ. அந்தக் குட்டி ஐந்து மாதத்தில் அதையும் எட்டிவிடும் என்பது வேறு விஷயம், அப்போது கம்பித் தடுப்புதான்.

ஆண்குட்டி எடுப்பது நல்லது. வீட்டில் வயது வந்த பெண் இருக்கும்போது இன்னொரு பெண்ணைக் கொண்டுவந்தால் பின்னாளில் சண்டை மூண்டு, ஆறாமல் போவது அதிகம். ஆனால் பெண்ணுக்குக் குட்டியின் ஆறாம் மாதத்துக்குள் கு.க. செய்துவிடுங்கள். இல்லையென்றால் அது சூட்டுக்கு வருகிற மூன்று வாரமும் ஆண்கள் ரெண்டும் ஒன்றையொன்று விடாது. சிப்பிப்பாறைக்குப் பிற்பாடு கு.க. செய்யும்போது மருத்துவரிடம் வேட்டை நாய் இனம் என்று சொல்லிவிடுங்கள். உடம்பில் கொழுப்பு குறைவு, சில பழைய மயக்க மருந்துகளிலிருந்து தெளிய ரொம்ப நேரம் பிடிக்கும்.

மாடிவீடு:
நன்றி. எட்டு வாரம் என்று பேசிவிடுகிறேன். சாப்பாடு மூன்றுக்கும் ஒன்றாக வைக்கலாமா? சுவரை உயர்த்த வேண்டுமா?

கரிசல்:
ஒன்றாக வைக்கவே வேண்டாம். மூன்று தட்டு, மூன்று மூலை, நடுவில் கதவோ தடுப்போ. பத்து நிமிஷம் கழித்துத் தட்டுகளை எடுத்துவிட்டுத்தான் திறக்கணும். சோற்றைவிட எலும்புதான் ஆபத்து. அரை மணி நேரம் கடிக்கிற பொருள் எதுவானாலும் தனித்தனியாக அடைத்துவிட்டுக் கொடுங்கள்.

நாலரை அடி பத்தாது. ஆறடி வேண்டும். சுவரை எடுக்க முடியாவிட்டால் மேலே கம்பிவலை போடுங்கள், பக்கத்தில் தொட்டி, திட்டு எதுவும் இருக்கக் கூடாது. அதற்காகச் சங்கிலியில் கட்டிப்போடாதீர்கள். நாள் முழுக்கக் கட்டிக் கிடந்து மற்ற ரெண்டும் சுற்றுவதைப் பார்க்கிற நாய்தான் அவிழ்த்ததும் பாயும். காலை ஒன்று, மாலை ஒன்று, நல்ல ஓட்டம் ஓடிவிட்டு வந்தால் வீட்டில் இதைவிடச் சோம்பேறி நாய் கிடையாது. வெளியே போகும்போது சாதாரண பெல்ட் ஆகாது. தலை குறுகல், கழுத்து தடிமன், பின்னால் இழுத்தால் உருவிக்கொண்டு போய்விடும். ரெண்டு அங்குல அகலத்தில், இழுத்தால் கொஞ்சம் மட்டும் இறுகுகிற மார்ட்டிங்கேல் பட்டை வாங்குங்கள்.

நாலுகால்:
ஒன்று விட்டுப்போச்சு. சண்டை வந்தால் கழுத்துப்பட்டையைப் பிடிக்கக் கையை நுழைக்காதீர்கள், கடி உங்களுக்குத்தான். வாளித் தண்ணீர், இல்லையென்றால் நடுவில் ஒரு பலகை. ரெண்டு பேர் இருந்தால் ஆளுக்கொன்றின் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னால் இழுக்கலாம்.

சிப்பிப்பாறையின் தோல் மெல்லிசு. நாட்டு நாயின் ஒரு பல் பட்டால்கூடக் கிழியும். வெளியே மிளகளவு ஓட்டைதான் தெரியும், உள்ளே தோல் சதையைவிட்டுப் பிரிந்திருக்கும், ரெண்டு மூன்று நாளில் சீழ் கட்டும். உப்புநீரால் கழுவி அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். மஞ்சள் அப்பி மூடிவிடாதீர்கள்.