ஹிரோஷிமா கார்ப்: 'சொந்த வீரர்' யார், எப்படிக் கணக்கெடுப்பது?

இடதுகை:
ஹிரோஷிமா டோயோ கார்ப் பேஸ்பால் அணிக்கு 1950 முதல் 2018 வரை ஒரு கால அட்டவணை தயாரிக்கிறேன். தானே வளர்த்த வீரர்களால் நின்ற அணி என்று இதைச் சொல்வார்கள். ஆனால் பட்டியல் போட்டால் ஹிரோஷிமாவில் பிறந்தவர்கள் கொஞ்சம் பேர்தான் தேறுகிறார்கள். சச்சியோ கினுகாசா கியோட்டோக்காரர், ஹிரோகி குரோடா ஒசாகாக்காரர். பிறந்த ஊர், பள்ளி, டிராஃப்ட் (புது வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் முறை) இவற்றில் எதை அளவுகோலாக வைப்பது? 1991-க்குப் பிறகு 2016 வரை லீக் பட்டமே கிடைக்காததற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

செந்தொப்பி:
அட்டவணையில் மூன்றையும் தனித்தனிப் பத்தியாக (நெடுவரிசையாக) போடுங்கள். ஒன்றில் அடைத்தால் கணக்கு தப்பும்.

அதிகம் ஏமாற்றுவது பள்ளிதான். பேஸ்பாலில் பெயர்பெற்ற பள்ளிகளுக்கு வெளி மாகாணப் பையன்கள் வந்து சேர்வார்கள். பிட்சர் யூசுகே நொமுரா ஹிரோஷிமாவின் கோர்யோ பள்ளியில் படித்தவர், ஆனால் ஒகயாமாக்காரர். இதற்கு நேர்மாறு யூகி யனாகிடா. பிறப்பு, பள்ளி, பல்கலைக்கழகம் எல்லாமே ஹிரோஷிமா. 2010 டிராஃப்டில் இரண்டாம் சுற்றில் சாஃப்ட்பேங்க் அணி அவரை எடுத்துக்கொண்டது.

மூன்று பத்தியும் நிரம்புபவர் கோஜி யமமோட்டோ. ஹிரோஷிமா மாகாணத்தில் பிறந்து, ஹட்சுகைச்சி பள்ளியில் படித்தார். 1968 டிராஃப்டில் கார்ப்பின் முதல் தேர்வு. 536 ஹோம் ரன்களையும் இதே அணிக்காகவே அடித்தார். தகாஹிரோ அராய்க்கும் மூன்று பத்தியும் நிரம்பும், ஆனால் 1998-இல் ஆறாம் சுற்றில்தான் எடுக்கப்பட்டார். 2016-இல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்கே.

ஒரு எச்சரிக்கை: ஜப்பானில் டிராஃப்ட் தொடங்கியது 1965 இறுதியில். கினுகாசா அதற்கு முன்பே சேர்ந்துவிட்டார். அவருக்கு டிராஃப்ட் பத்தி காலியாக இருப்பதே சரி.

பீப்பாய்:
அட்டவணையின் தொடக்கத்தில் பணக் கதையைச் சேர்க்காவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. மற்ற அணிகளுக்குப் பின்னால் ரயில் நிறுவனம், செய்தித்தாள் போன்ற ஏதாவது ஒரு பெரிய நிறுவனம் இருந்தது. அணுகுண்டு விழுந்த சில ஆண்டுகளில் உருவான கார்ப்புக்கு அப்படி யாரும் இல்லை. முதல் ஆண்டில் 41 வெற்றி, 96 தோல்வி, கடைசி இடம். 1951-இல் சம்பளம் கொடுக்கவே பணமில்லாமல் இன்னொரு அணியோடு இணைக்கும் பேச்சு எழுந்தது. மேலாளர் ஷூய்ச்சி இஷிமோட்டோ ஊர் மக்களிடம் போய் நின்றார். மைதான வாசலில் சாகே (அரிசி மது) பீப்பாய்களை வைத்து நன்கொடை திரட்டினார்கள். அந்த அணி கலையாமல் நின்றது அந்த மக்களால்தான்.

அடுத்த ஆண்டே இன்னொரு கண்டம். வெற்றி விகிதம் 0.300-க்குக் கீழே போகும் அணி கலைக்கப்படும் என்று விதி வந்தது. 1952-இல் கார்ப் 0.316 எடுத்துத் தப்பியது. ஷோச்சிகு என்ற அணி 0.288-இல் சிக்கியது. 1968-இல் டோயோ கோக்யோ, அதாவது பின்னாளைய மாஸ்டா, பெரும் பங்குதாரரானது. ஆனாலும் நஷ்டத்தை ஈடுகட்டும் தாய் நிறுவனமாக அது நடந்துகொள்ளவில்லை. விலைக்கு வாங்க முடியாததால் வளர்த்தார்கள். 1975-இல் முதல் பட்டம். 1979, 1980, 1984-இல் இரு லீக் சாம்பியன்கள் மோதும் ஜப்பான் சீரிஸையும் வென்றார்கள்.

இருபத்தெட்டு:
25 ஆண்டு இடைவெளிக்கு வருகிறேன். தொடர்பு நேரடியானது. 1993-இல் இரண்டு விதிகள் ஒன்றாக வந்தன. ஒன்று எஃப்.ஏ. உரிமை (குறிப்பிட்ட காலம் ஆடிய வீரர் விரும்பும் அணிக்குப் போகலாம்), மற்றது, டிராஃப்டில் சிறந்த பல்கலைக்கழக, நிறுவன அணி வீரர்கள் தாங்களே அணியைத் தேர்ந்தெடுக்கும் முறை. முதலாவது வளர்ந்தவர்களை வெளியே இழுத்தது: 1999 சீசன் முடிந்ததும் அகிரா எட்டோ ஜயண்ட்ஸ் அணிக்கு, 2002-க்குப் பின் டொமோவாகி கனெமோட்டோ ஹான்ஷின் அணிக்கு, 2007-க்குப் பின் அராயும் அங்கேயே (பின்னர் கார்ப்புக்குத் திரும்பினார்). இரண்டாவது, புதியவர்களை வாசலிலேயே மறித்தது. குரோடா அந்த முறையிலும் கார்ப்பைத் தேர்ந்தெடுத்தவர் என்பது தனியாகக் குறிக்க வேண்டிய விஷயம். 1998 முதல் 2012 வரை 15 சீசன்கள் முதல் மூன்று இடத்துக்குள் வரவே இல்லை.

வீரர்களே அணியைத் தேர்ந்தெடுக்கும் அந்தச் சலுகை 2006-ஓடு ஒழிந்தது. அதன்பின் எடுத்தவர்களைப் பாருங்கள்: மாரு 2007, கிகுச்சி 2011, செய்யா சுசுகி 2012, தனாகா 2013. 2016-இல் 89 வெற்றியோடு பட்டம் வென்ற அணியின் முதுகெலும்பு இவர்கள்தான்.

பட்டியலில் வழக்கமாக நேரும் பிழை: ஈடாக வந்தவரை எஃப்.ஏ. ஒப்பந்தம் என்று எழுதிவிடுவது. ஓர் அணியில் சம்பளத்தில் முதல் மூன்று இடத்தில் உள்ளவரை எஃப்.ஏ. மூலம் எடுத்தால், எடுத்த அணி 28 பேரைக் காப்புப் பட்டியலில் வைக்கலாம். மீதமுள்ளோரில் ஒருவரையும் போனவரின் பழைய சம்பளத்தில் 50 சதவீதத்தையும் இழந்த அணி பெறலாம். ஆள் வேண்டாமென்றால் 80 சதவீதப் பணம். 2018-க்குப் பின் மாரு ஜயண்ட்ஸுக்குப் போனபோது ஹிசயோஷி சோனோ கார்ப்புக்கு வந்தது இப்படித்தான்.

இடதுகை:
மிக்க நன்றி, பத்திகளைப் பிரித்துவிட்டேன். அல்ஃபோன்சோ சொரியானோ எதில் வருவார்?

செந்தொப்பி:
நான்காவதாக 'அகாடமி' என்று ஒரு பத்தி திறங்கள். 1990-இல் டொமினிக்கன் குடியரசில் கார்ப் தொடங்கிய பயிற்சி அகாடமியில் வளர்ந்தவர் அவர். 1997-இல் கார்ப்பின் முதன்மை அணிக்கு ஆடியது 9 ஆட்டங்கள்தான்.