மெக்னீசியத்தின் 3எஸ் பட்டை நிறைந்திருக்க வேண்டுமே, பிறகு அது எப்படி மின்சாரத்தைக் கடத்துகிறது?

கேள்வி:
சோடியம் அணுவின் 3எஸ் ஆர்பிட்டாலில் (இரண்டு எலக்ட்ரான்களுக்கு இடமுள்ள வெளிப்புற நிலையில்) ஒரே ஓர் எலக்ட்ரான் இருப்பதால், திண்மத்தில் அந்த ஆற்றல் மட்டங்கள் சேர்ந்து உருவாகும் 3எஸ் பட்டையில் பாதி இடம் காலியாக இருக்கிறது. அது கடத்துவது புரிகிறது. மெக்னீசியத்திலோ அங்கே இரண்டு எலக்ட்ரான்கள் உள்ளன. அப்படியானால் பட்டை முழுவதும் நிறைந்து, அது காப்பானாக அல்லவா இருக்க வேண்டும்? மேலும், நிறைந்த பட்டையிலும் எலக்ட்ரான்கள் அசையாமல் நிற்பதில்லை என்று படித்தேன். அவை ஏன் மின்னோட்டத்தைத் தருவதில்லை?

மறுமொழி 1:
பட்டைகள் தனித்தனியே விலகி நின்றால் உங்கள் முடிவு சரிதான். ஆனால் அணுக்கள் நெருங்கிப் படிகமாகும்போது ஒவ்வோர் ஆற்றல் மட்டமும் அகன்ற பட்டையாக விரிகிறது. மெக்னீசியத்தில் 3எஸ் பட்டையின் மேல்விளிம்பு 3பி பட்டையின் கீழ்விளிம்பைத் தாண்டிவிடுகிறது. எனவே 3எஸ் முழுவதும் நிரம்பும் முன்பே எலக்ட்ரான்களில் ஒரு பகுதி 3பி பட்டைக்குள் சென்றுவிட, இரண்டுமே அரைகுறையாக நிரம்பி நிற்கின்றன. (கறாராகப் பார்த்தால் எஸ், பி என்று பிரித்துப் பேசுவதே தோராயம்தான், படிகத்தில் அவை கலந்துவிடுகின்றன.) வைரத்தில் இத்தகைய மேற்பொருந்தல் இல்லை. அங்கே நிறைந்த பட்டைக்கும் அடுத்த காலிப் பட்டைக்கும் உள்ள ஆற்றல் இடைவெளி ஏறத்தாழ 5.5 எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பநிலையில் வெப்பம் அளிக்கும் ஆற்றலோ 0.025 எலக்ட்ரான் வோல்ட் அளவே; அதனால்தான் வைரம் காப்பானாக இருக்கிறது.

மறுமொழி 2:
இரண்டாவது கேள்விதான் ஆழமானது. நிறைந்த பட்டையில், வலப்புறம் செல்லும் ஒவ்வோர் எலக்ட்ரானுக்கும் ஈடாக அதே வேகத்தில் இடப்புறம் செல்லும் ஒன்று இருக்கிறது. கூட்டினால் சுழிதான் மிஞ்சும். இந்தச் சமநிலையை மின்புலம் குலைக்க வேண்டுமானால், இடப்புறம் செல்பவற்றுள் சிலவற்றை வலப்புற நிலைகளுக்கு மாற்ற வேண்டும். அந்நிலைகளில் ஏற்கெனவே எலக்ட்ரான்கள் இருப்பதால் ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்னும் பௌலியின் தவிர்க்கைத் தத்துவம் அதற்கு இடம் தருவதில்லை. உலோகத்தில் ஃபெர்மி மட்டத்தை (எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச ஆற்றல் மட்டத்தை) ஒட்டியே காலி நிலைகள் தொடங்குவதால், மிகச் சிறிய மின்புலமும் போதும். தாமிரத்தில் அம்மட்டத்து எலக்ட்ரான்கள் நொடிக்குச் சுமார் 1,600 கிலோமீட்டர் வேகத்தில் எல்லாத் திசைகளிலும் ஓடுகின்றன; நாம் அளக்கும் மின்னோட்டமோ, ஒரு திசையில் அவற்றுக்கு ஏற்படும் மிக மெதுவான நகர்விலிருந்தே வருகிறது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் அணுவுக்கு மூன்று இணைதிற (வெளிக்கூட்டு) எலக்ட்ரான்களைக் கொண்ட அலுமினியம், தாமிரத்தைவிடக் குறைவாகக் கடத்துவது ஏன்?

மறுமொழி 2:
எண்ணிக்கை மட்டும் போதாது. எலக்ட்ரான்கள் எவ்வளவு நேரம் சிதறாமல் செல்கின்றன என்பதும் முக்கியம். குறையற்ற, அதிராத படிகத்தில் எலக்ட்ரான் அலை தடையின்றிப் பரவும் என்பதை 1928இல் இயற்பியலாளர் ஃபெலிக்ஸ் பிளாக் காட்டினார். ஆகவே மின்தடை அணுக்களின் அதிர்வாலும் மாசுகளாலும்தான் பிறக்கிறது. அலுமினியத்தில் இரு சிதறல்களுக்கு இடைப்பட்ட காலம் மிகக் குறுகியது என்பதால், தாமிரத்தின் மின்தடை எண் 1.7 மைக்ரோ ஓம் சென்டிமீட்டராக இருக்க, அலுமினியத்தினுடையது 2.7 ஆகிறது. சூடேற்றினால் அதிர்வு கூடி இரண்டிலும் மின்தடை உயரும். தூய சிலிக்கானிலோ, பட்டைகளுக்கு இடையிலான இடைவெளியைத் தாண்டும் எலக்ட்ரான்கள் பெருகுவதால், அது குறைகிறது.