தெருக்கூத்தில் எல்ஃப் வேஷம்: இறக்கை வைக்கணுமா?

குடியாத்தம் கூத்துப்பிரியன்:
ஐஸ்லாந்தின் கோர்மாக் சாகாங்கிற பழங்கதையிலிருந்து ஒரு காட்சியை அரை மணி நேரக் கூத்தாப் போடுறோம். பார்க்க வர்றவங்க பாரதக் கூத்து பார்த்தே பழகினவங்க. அதுல எல்ஃப்னு வட ஐரோப்பிய மாய இனம் ஒண்ணு வருது. எல்ஃபுக்கு இறக்கை, கூர்க்காது வேணுமா? வசனத்துல குட்டிச்சாத்தான்னு சொல்லலாமா, தேவதைன்னு சொல்லலாமா? வெள்ளை, கறுப்புன்னு ரெண்டு வகை இருக்காமே, அரிதாரம் எப்படிப் பூசறது?

பாலாற்றங்கரை:
இறக்கையும் வேணாம், காதும் வேணாம். பழைய நார்ஸ் (வட ஐரோப்பிய) பாட்டுகள்ல எல்ஃப் மனுஷ உருவம்தான். வோலுண்ட்ங்கிற கொல்லனையே எல்ஃபுகளின் தலைவன்னு ஒரு பாட்டு சொல்லுது. குட்டிச்சாத்தான் மந்திரவாதி ஏவினாப் போற ஆளு. எல்ஃபுக்கு எஜமான் கிடையாது. தேவதைன்னா சனம் வெள்ளை கவுன் போட்ட பொண்ணை நினைச்சுக்கும். மூலச் சொல்லை உச்சரிப்புப்படி ‘ஆல்வர்’னு எழுதிடாதீங்க, ஆழ்வார்னு காதுல விழும்! எல்ஃப்னே வெச்சுக்கிட்டு, ‘அது இன்னா ஜாதி ஐயா?’ன்னு கட்டியங்காரனைக் கேட்க விடுங்க.

வெள்ளை, கறுப்பு பிரிவு ஸ்நோர்ரிங்கிற ஐஸ்லாந்து எழுத்தாளர் 1220 வாக்கில எழுதினது. ஒளி எல்ஃப் சூரியனை விட அழகு, இருள் எல்ஃப் கீலை விடக் கறுப்பு. ஐஸ்லாந்து கிறிஸ்துவத்துக்கு மாறி இருநூறு வருஷம் கழிச்சு வந்த எழுத்து. வானதூதர், பேய் கணக்கு அதுல கலந்திருக்குன்னு பல ஆய்வாளர்கள் சொல்றாங்க. கோர்மாக் காட்சியில அது வேணாம்.

திரைபிடிப்பவன்:
அந்தக் காட்சியில எல்ஃப் வெளியவே வராதே! கோர்மாக்கோட சண்டை போட்டுக் காயம்பட்ட தோர்வர்தை தோர்தீஸ்ங்கிற குறிகாரி பார்த்துட்டுச் சொல்றது இவ்வளவுதான்: பக்கத்து மேட்டுக்குள்ள எல்ஃபுங்க குடியிருக்காங்க; கோர்மாக் வெட்டின காளையை வாங்கி, அதோட ரத்தத்தை மேட்டு வெளிப்புறத்துல பூசு, கறியை அவங்களுக்கு விருந்தாப் போடு, குணமாகும்.

அதனால ரெண்டு பேர் திரையைப் பிடிச்சு நிக்கட்டும், கடைசி வரைக்கும் இறக்க வேணாம். பின்னால சலங்கையும் முகவீணையும் மட்டும் கேட்டாப் போதும். ரத்தத்துக்கு ஆரத்தித் தண்ணி: ஒரு சொம்புக்கு ஒரு ஸ்பூன் மஞ்சள்தூள், சுண்டைக்காய் அளவு சுண்ணாம்பு. காட்சிக்குக் கொஞ்சம் முன்னாடி கரைங்க, நேரமானா சிவப்பு மங்கும். எலுமிச்சை கழுவின சொம்புன்னா மஞ்சளாவே நின்னுடும்.

குடியாத்தம் கூத்துப்பிரியன்:
திரை யோசனை பிரமாதம் சார். தோர்தீஸ் பச்சிலை அரைக்கிற மாதிரி ஒண்ணு சேர்க்கலாமா?

பாலாற்றங்கரை:
சேர்த்தா இங்கிலாந்துக்குப் போயிடுவீங்க. பச்சிலை வர்றது சுமார் 1000ல எழுதின லாக்னுங்காங்கிற இங்கிலாந்து மருத்துவ ஏட்டுல. திடீர்னு குத்துற வலி எல்ஃப் எறிஞ்ச ஆயுதத்தால வருதுன்னு நம்பிக்கை. ஃபீவர்ஃபியூ, சிவப்பு நெட்டில், பிளான்டெய்ன் மூணையும் வெண்ணெயில காய்ச்சி, மந்திரம் சொல்லி, கடைசியில கத்தியை அதுல வைக்கணும். அங்கேயும் அம்மி கிடையாது. பிளான்டெய்ன்னா வாழைக்காய்னு வசனத்துல எழுதிடாதீங்க, அது வழியோரம் முளைக்கிற பூண்டு.