ஓய்வுநேரவியலில் முதுநிலைப் பட்டம்: வீட்டுப் பத்திரத்தை வைத்துப் படிக்கத் தகுமா?

அம்மாப்பேட்டை இயன்முறை எழுதியது:
இயன்முறை மருத்துவத்தில் இளநிலைப் பட்டம் பெற்று, சேலத்தில் நான்கு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொழுதுபோக்கு மற்றும் ஓய்வுநேரவியல் முதுநிலைப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. ஆய்வேடு எழுதாமல் களப்பயிற்சியோடு முடிக்கும் தொழில்முறை வழி அது, இரண்டு ஆண்டுகள். அதில் என் நாட்டம் சிகிச்சைசார் பொழுதுபோக்கு என்னும் பிரிவில். "பொழுதைப் போக்குவதற்கு ஒரு பட்டமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். வீட்டுப் பத்திரத்தைப் பிணையாக வைத்துக் கல்விக் கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும்; அது தகுமா?

இந்த எண்ணம் வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பக்கவாதத்தால் இடப்பக்கம் தளர்ந்துபோன முதிய நெசவாளர் ஒருவருக்கு வீட்டுக்கே சென்று பயிற்சி அளித்துவந்தேன். ரப்பர் பந்தைக் கையில் கொடுத்தால், "நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று கீழே வைத்துவிடுவார். ஒரு நாள் அவருடைய மருமகள் ராட்டையில் தார் (தறிக்கான ஊடு நூற்கண்டு) சுற்றிக்கொண்டிருந்தபோது நூல் அறுந்தது. யாரும் சொல்லாமலேயே பெரியவர் இடக்கையை நீட்டி அறுந்த முனையைப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் முடிச்சுப் போட முயன்றார். மூன்று வாரமாக நான் கெஞ்சியும் விரியாத விரல்கள் அவை. அன்று முதல் பயிற்சியை ராட்டையின் அருகிலேயே வைத்துக்கொண்டேன். எனக்குத் தற்செயலாகக் கிடைத்த இந்த வழியை முறையாகக் கற்பிக்கும் துறை ஒன்று இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

வங்கிப்பணி ஓய்வு எழுதியது:
மகளே, நோக்கத்தைக் குறை சொல்லவில்லை; கணக்கைத்தான் சொல்கிறேன். கல்விக் கடன் ஏழரை இலட்சத்தைத் தாண்டினால் பொதுத்துறை வங்கிகள் வழக்கமாகச் சொத்துப் பிணை கேட்கும். படிப்புக் காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். கணினி படிக்கப் போகும் பிள்ளைகளைப் பார்த்து மனக்கணக்குப் போடாதீர்கள். அவர்கள் படிப்பு முடிந்தபின் 12 மாதங்களும், அறிவியல் தொழில்நுட்பப் பட்டியலில் இருப்பதால் மேலும் 24 மாதங்களும் அங்கேயே வேலை பார்க்க முடிகிறது. உங்கள் படிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. உங்களுக்கு 12 மாதங்கள் மட்டுமே. அதற்குள் டாலரில் சம்பாதித்து ரூபாய்க் கடனை அடைக்கலாம் என்பது நடக்கிற காரியமில்லை. திரும்பி வந்தால், இந்தப் பெயரில் ஒரு பணியிட அறிவிப்பைத் தமிழ்நாட்டில் இன்றுவரை நான் கண்டதில்லை.

மூக்கனேரி எழுதியது:
ஐயாவின் கணக்கில் பிழையில்லை. ஆனால், பணியிடம் இல்லை என்பதனாலேயே தேவையும் இல்லை என்று முடிவுகட்டுவதை ஏற்க முடியாது. ஓய்வும் ஓய்வுநேரமும் மனித உரிமை என்று 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் 24ஆம் பிரிவில் சொல்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 10.4 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். அந்தப் பங்கு கூடிக்கொண்டே போகிறது.

முதியோரை விடுங்கள், மலைகளைப் பாருங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அந்த மலைகள் எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடியிடமும் பெங்களூரு ஐஐஎம்மிடமும் தரப்பட்டது. இந்தக் கேள்வியைத்தான் ஓய்வுநேரவியல் துறை பல பத்தாண்டுகளாகக் கையாண்டு வருகிறது. எத்தனை பேர் வரலாம் என்று மட்டும் கேட்டால் விடை கிடைக்காது என்று கண்டுகொண்டு, எவ்வளவு மாற்றத்தை ஏற்கலாம் என்று கேள்வியையே திருப்பிப் போட்ட வழிமுறை ஒன்றை அமெரிக்க வனத்துறை 1985இல் வெளியிட்டது. பாதையின் அகலம், தேய்ந்த புல்தரை, வழியில் எதிர்ப்படும் கூட்டம் என்று அளக்கத்தக்க சில அடையாளங்களைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை வகுத்து, அதை மீறும்போது மட்டும் கட்டுப்பாட்டை இறுக்குவார்கள். ஏற்காட்டுக்கு இது நாளைக்கே தேவைப்படலாம்.

ஒண்டிக்கடை எழுதியது:
ஏற்காட்டில் எட்டு அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவன் என்ற முறையில் இதை மறுக்கிறேன். மே மாதக் கோடை விழாவின்போது இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதையும், படகு இல்லத்து வரிசையில் குழந்தைகள் அழுது ஓய்ந்து தோளிலேயே தூங்கிப்போவதையும் ஆண்டுதோறும் பார்க்கிறேன். இதைச் சொல்ல முதுநிலைப் பட்டம் வேண்டியதில்லை. நீங்கள் எடுத்துக்காட்டும் அமெரிக்கக் காடு முழுவதும் ஒரே துறையின் கையில் இருக்கிறது. இங்கே வனம் ஒருவரிடம், சாலை இன்னொருவரிடம், ஏரிப் படகு சுற்றுலாத் துறையிடம், அதைச் சுற்றிக் காப்பித் தோட்டங்கள் தனியாரிடம், மலை கிராமங்கள் ஊராட்சிகளிடம். எல்லையை வகுப்பது யார், இறுக்குவது யார்? அந்தப் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகம் கற்றுத்தரும்? நான் ஆள் எடுத்தாலும் விடுதி மேலாண்மை படித்தவரைத்தான் எடுப்பேன்.

மூக்கனேரி எழுதியது:
பலர் கையில் இருக்கும் இடத்தில் எல்லோரையும் ஒரே மேசையில் அமர்த்தியும் அந்த வழிமுறையைப் பின்பற்றலாம். ஆனாலும், இங்கே அது எளிதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

குகை வாசகர் எழுதியது:
பேச்சு மலையேறிவிட்டது, இறங்குவோம். தங்கை சொல்லும் நிகழ்ச்சியிலேயே எனக்கு ஓர் ஐயம். பெரியவருக்குத் தறி வேலைதானே, அதில் ஓய்வு எங்கே வந்தது? அவருக்குச் செய்தது, நம் நாட்டிலேயே கற்றுத்தரும் ஆக்குபேஷனல் தெரபிதான். அதற்குக் கடல் கடப்பானேன்?

அம்மாப்பேட்டை இயன்முறை எழுதியது:
நல்ல கேள்வி, அண்ணா. இரண்டு நாள் இதையே யோசித்தேன். ஆக்குபேஷனல் தெரபியிலும் ஓய்வுநேரச் செயல்களுக்கு இடமுண்டு. இரண்டுக்கும் இடையே கறாரான வேலி இல்லை. எனினும் அங்கே குளிப்பது, உடுத்துவது, உண்பது, வேலைக்குத் திரும்புவது ஆகியவையே முன்னால் நிற்கும். சிகிச்சைசார் பொழுதுபோக்கிலோ, ஒருவர் தாமாக விரும்பிச் செய்வது எது என்பதைக் கண்டறிவதிலிருந்துதான் சிகிச்சையே தொடங்குகிறது. தறி வேலையாயிற்றே என்றீர்கள். ஐம்பது ஆண்டு கூலிக்கு நெய்தவர்தான். இன்று அவர் சுற்றும் தாரை யாரும் எண்ணுவதில்லை, கூலி கொடுப்பதும் இல்லை. பாதியில் எழுந்து போனாலும் கேட்பாரில்லை. அப்படியும் காலையில் தாமே ராட்டையின் அருகில் வந்து உட்காருகிறார். அதே செயல்தான், ஆனால் இப்போது அது அவருடைய ஓய்வு.

வங்கிப்பணி ஓய்வு எழுதியது:
அழகாகச் சொன்னீர்கள், என் கருத்து சற்றே அசைந்தது என்றுகூடச் சொல்வேன். அப்படியானால் கேள்வியைக் குறுக்குகிறேன். நீங்கள் வாங்கப்போவது பட்டமா, தொழில் சான்றா? அமெரிக்காவில் இந்தப் பிரிவில் மருத்துவமனைகள் மதிப்பது தேசியச் சான்றளிப்புக் குழுவின் சான்றிதழை என்று படித்தேன். அதற்கு உரிய பாடங்களும், தேர்வும், சான்று பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் 560 மணி நேரக் களப்பயிற்சியும் வேண்டுமாம். உங்கள் சேர்க்கைக் கடிதத்தில் களப்பயிற்சி எத்தனை மணி, யாருடைய மேற்பார்வையில் என்று எழுதியிருக்கிறது?

அம்மாப்பேட்டை இயன்முறை எழுதியது:
ஐயா, நேற்றிரவு கடிதத்தையும் பாடத்திட்டத்தையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். களப்பயிற்சி 300 மணி என்றுதான் இருக்கிறது. அதுவும் சமூகப் பூங்காக்கள், விளையாட்டு மையங்கள் போன்ற இடங்களில். சிகிச்சைப் பிரிவின் பாடங்கள் விருப்பப்பாடப் பட்டியலில் இருக்கின்றன, ஆனால் அவற்றை ஆண்டுதோறும் நடத்துவார்கள் என்ற உறுதி இல்லை. படிப்பின் பெயரைப் பார்த்தே மயங்கிவிட்டேன் போலும்.

மருத்துவமனையில் 560 மணி நேரப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்ய முடியுமா, முடியாதென்றால் சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்கலாமா என்று துறைக்கு எழுதியிருக்கிறேன். பத்திரத்தை பீரோவிலிருந்து எடுக்க வேண்டாம் என்று அப்பாவிடமும் காலையில் சொல்லிவிட்டேன்.

ஒண்டிக்கடை எழுதியது:
பதில் எதுவானாலும் இங்கே எழுதுங்கள், அம்மா. பெரியவர் எப்படி இருக்கிறார்?

அம்மாப்பேட்டை இயன்முறை எழுதியது:
இடக்கையால் டம்ளரைப் பிடிக்கிறார். ரப்பர் பந்து பேரனிடம் போய்விட்டது.