பிளஸ் ஒன் பொதுத்தேர்வு போனது யாருக்கு லாபம்?

அரூர் இயற்பியல் ஆசிரியர்:
2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கிடையாது என்று அரசு அறிவித்ததை எங்கள் ஊரில் பலர் கொண்டாடுகிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. 2017-18-ல் அதைக் கொண்டுவந்தது எதற்கு? தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பக்கம் பல விடுதிப் பள்ளிகள் பிளஸ் ஒன் புத்தகத்தைத் தொடாமல், இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தன. பொறியியல் கட்-ஆஃப் 200-ம் (கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50) பிளஸ் டூ மதிப்பெண்தான். அரசுப் பள்ளிப் பிள்ளை ஒரே வருஷம் படித்துவிட்டு அவர்களோடு மோத வேண்டும். இது நியாயமா?

ஓசூர் அம்மா:
சார், பிளஸ் ஒன் மதிப்பெண்ணை உயர்கல்விக்கு எடுக்க மாட்டோம் என்று 2018-லேயே சொல்லிவிட்டார்களே. சேர்க்கைக்கு உதவாத தேர்வுக்கு எதற்கு இத்தனை பாடு? என் மகள் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருஷமும் பொதுத்தேர்வு எழுதினாள். பதினொன்றில் வேதியியல் போய்விட்டது. அந்த அரியரைத் தலையில் சுமந்துகொண்டே பிளஸ் டூ படித்தாள். ராத்திரி எழுந்து உட்கார்ந்து அழுவாள். அதைப் பார்த்தவள் நான்.

அரூர் இயற்பியல் ஆசிரியர்:
உங்கள் மகள் பட்ட கஷ்டம் புரிகிறதம்மா. ஆனால் மதிப்பெண் சேராவிட்டாலும் தேர்வுக்குப் பயந்தாவது பாடம் நடந்தது. நீட், ஜேஇஇ நுழைவுத்தேர்வுக் கேள்விகளில் ஏறக்குறைய பாதி பிளஸ் ஒன் பாடம். வெக்டரும் முக்கோணவியலும் பிடிபடாமல் பொறியியல் முதல் வருஷக் கணக்கில் தவறிய பிள்ளைகள் லீவில் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருகிறார்கள்.

மலையோர மாணவன்:
நான் தேன்கனிக்கோட்டைப் பக்கம், அரசுப் பள்ளியில் பிளஸ் டூ. பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எழுதிய கடைசி செட் நாங்கள். சார் சொல்வது உண்மை. டிசம்பர் வரை பாதி இயற்பியல்கூட முடியவில்லை, தேர்வு இருந்ததால்தான் சனிக்கிழமை வகுப்பு வைத்து முடித்தார்கள்.

ஆனால் எங்களுக்கு அநியாயம் குரூப் எடுக்கும்போதே ஆரம்பிக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டேன், எங்கள் பள்ளியில் அந்த குரூப்பே இல்லை. டவுனுக்குப் போய்ப் படிக்க பஸ் வசதி சரியில்லை. இருந்த குரூப்பில் சேர்ந்தேன். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீடு எனக்கு உண்டு. 2020-ல் மருத்துவத்துக்கும் அடுத்த வருஷம் பொறியியல், வேளாண்மை, சட்டத்துக்கும் வந்தது. அது இல்லையென்றால் எங்கள் ஊரில் கல்லூரியை நினைத்தே பார்க்க மாட்டார்கள். ஆனால் பிடித்த பாடத்தை அந்த ஒதுக்கீடு வாங்கித் தராது.

ஓசூர் அம்மா:
தம்பி, குரூப் விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. இங்கே நாலு தெருவுக்கு ஒரு பள்ளி. சார், பாடம் நடக்கத்தான் வேண்டும், அதை மறுக்கவில்லை. மாவட்டம் முழுக்க ஒரே வினாத்தாள் வைக்கட்டும். அரியர் மட்டும் வேண்டாம்.

அரூர் இயற்பியல் ஆசிரியர்:
விடைத்தாளை வேறு பள்ளி ஆசிரியர் திருத்த வேண்டும். அதற்குச் சரி என்றால் எனக்கும் சம்மதம்.