டெலிவரிக்கு வருபவருக்கு டிப்ஸ்: ஆப்பில் முன்னாலேயே போடுவதா, கையில் கொடுப்பதா, கொடுக்கவே வேண்டாமா?

நாலாம்மாடி

நேற்று நல்ல மழை. வெளியே போக முடியாமல் ஆப்பில் மருந்து ஆர்டர் போட்டேன். பணம் கட்டும் இடத்திலேயே "டெலிவரி செய்பவருக்கு டிப்ஸ் சேர்க்கலாமே" என்று மூன்று தொகைகள் காட்டியது. இன்னும் கிளம்பவே இல்லாத ஒருவருக்கு எதற்கு என்று தாண்டிப் போய்விட்டேன்.

வந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். லிஃப்ட் ஓடவில்லை, நான்கு மாடி ஏறி வந்தார். மருந்துப் பையை மழைக்கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக் கொண்டு வந்திருந்தார். அவர் கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது, பை மட்டும் காய்ந்திருந்தது. கொடுக்க வீட்டில் சில்லறை இல்லை. "தேங்க்ஸ் அண்ணா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். இரவெல்லாம் அதே நினைப்பு.

"அவருக்குச் சம்பளம் தருகிறார்கள், நீ ஏன் கவலைப்படுகிறாய்" என்கிறார் என் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. எது முறை? கொடுப்பதென்றால் எப்போது, எவ்வளவு?

கணக்கன்

சகோதரி, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் அந்த வருத்தத்தை உங்கள் தலையில் கட்டியது யார் என்று பாருங்கள். மழையில் நான்கு மாடி ஏறுவதற்கான கூலியை அவரை வேலைக்கு அனுப்பியவர் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் உங்கள் திரையில் மூன்று தொகைகளைக் காட்டி, கொடுக்காவிட்டால் நீங்கள் கல்நெஞ்சம் என்று நினைக்க வைக்கிறார்கள்.

இது புதிதல்ல. அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த பிறகு, புல்மேன் என்ற நிறுவனத்தின் படுக்கை வசதி ரயில் பெட்டிகளில் விடுதலையான கறுப்பினத்தவரை வேலைக்கு வைத்தார்கள். சொற்பச் சம்பளம், மீதியைப் பயணிகளின் டிப்ஸில் பார்த்துக்கொள் என்ற ஏற்பாடு. அந்தப் பழக்கம் பின்னால் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு அங்கே முதலாளி நேரடியாகத் தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி, மத்திய சட்டப்படி, மணிக்கு 2.13 டாலர். 1991-லிருந்து அது மாறவே இல்லை. டிப்ஸ் சேர்த்தும் பொதுவான குறைந்தபட்சக் கூலி வராவிட்டால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அதைக் கேட்டு வாங்க வேண்டியவர் யார்? வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருக்கும் அதே ஊழியர்தான்.

நாம் கொடுக்கக் கொடுக்க அவர்கள் குறைப்பார்கள். ஜப்பானில் டிப்ஸ் வழக்கமே கிடையாது. அதனால் அங்கே உபசரிப்பு கெட்டுப்போய்விட்டதா?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே நாம் போடுவது எந்த ஆற்றுக்குப் போகிறது என்றே தெரியவில்லை.

இரவுச்சக்கரம்

கணக்கன் சார், நான் மூன்று வருடமாக டெலிவரி ஓட்டுகிறேன். நீங்கள் சொல்வதில் தப்பு இல்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு நாளைக்கு எனக்குக் கிடைக்கும் டிப்ஸையும் நிறுத்துகிறவர்கள்தான் இருப்பார்கள், நிறுவனத்தைக் கேள்வி கேட்பவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

எங்கள் கணக்கு எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். பெட்ரோல், வண்டி சர்வீஸ், போன், டேட்டா, எல்லாம் என் காசு. கடை வாசலில் ஆர்டர் தயாராகும்வரை நிற்கும் நேரத்துக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. டெலிவரி முடிந்த இடத்திலிருந்து அடுத்த ஆர்டர் கிடைக்கும் இடத்துக்குத் திரும்பி வரும் தூரத்துக்கும் கிடையாது. வெறும் வண்டியாகத்தான் வருவேன். நேற்று பதினோரு மணி நேரம் ஓட்டினேன். அதில் பொருளோடு ஓடியது ஆறு மணி நேரம்கூட இருக்காது.

ஆகவே கொள்கை பேசுகிறவர்கள் பேசுங்கள். ஆனால் நீங்கள் கொடுக்காமல் விட்ட காசு நிறுவனத்துக்குப் பாடம் புகட்டாது. அது என் வீட்டுப் பால் செலவில்தான் குறையும்.

நாலாம்மாடி மேடம் கேட்டதற்குப் பதில்: முன்னாலேயே போடாததற்கு வருத்தப்படாதீர்கள். கொடுத்து முடித்த பிறகும் பல ஆப்களில் போடலாம். ஆர்டர் விவரத்தைத் திறந்து பாருங்கள், இன்னும் நேரம் இருக்கலாம்.

நிதானம்

"முன்னாலேயே போடுவது" பற்றி நான் கொஞ்சம் பேச வேண்டும். இங்கே அதுதான் முக்கியமான விஷயம் என்று நினைக்கிறேன்.

வேலை முடிந்தபின் மனசார நீட்டுவதுதான் டிப்ஸ். வேலைக்கு முன்னால் தொகையைக் காட்டி, அதைப் பார்த்துவிட்டு ஒருவர் எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்தால், அது ஏலம். ஏலத்தில் கேட்கத் தெரியாத பாட்டியின் மருந்து கடைசியாகத்தான் போகும். இதில் டெலிவரி செய்பவரைக் குறை சொல்லவே முடியாது. வரவு தெரியாத வேலையை விட்டுவிட்டு வரவு தெரிந்த வேலைக்குத்தான் யாரும் போவார்கள்.

நியூயார்க் நகரத்தில் 2023 கடைசியில் உணவு டெலிவரி செய்பவர்களுக்கு மணிக்கு 17.96 டாலர் குறைந்தபட்ச ஊதியம் என்று விதி வந்தது. வந்த உடனே பெரிய ஆப்கள் அந்த நகரத்தில் டிப்ஸ் கேட்கும் இடத்தை டெலிவரிக்குப் பிறகு என்று மாற்றிவிட்டன. ஊதியம் தங்கள் தலையில் விழாதவரை முன்னால் கேட்டார்கள், விழுந்ததும் பின்னால் தள்ளினார்கள்.

இரவுச்சக்கரம்

@நிதானம் ஏலம் என்று நீங்கள் சொன்ன வார்த்தை சரிதான். இன்னொன்றும் நடக்கிறது. டிப்ஸைப் பிறகு மாற்ற விடும் ஆப்களில் பெரிய தொகை காட்டி ஆர்டரை எடுக்க வைப்பார்கள். பொருள் கைக்குப் போனதும் அதைக் குறைத்துவிடுவார்கள். எனக்கு இரண்டு முறை நடந்தது. ஒருமுறை ஆறு மூட்டை மளிகை, மாடிக்கு மூன்று நடை ஏறினேன். கீழே வந்து வண்டியைக் கிளப்புவதற்குள் தொகை பூஜ்யமாகிவிட்டது. ஒன்றுமே போடாதவர் மேல் எனக்குக் கோபம் வராது. காட்டிவிட்டு எடுத்தவரை மறக்க முடியவில்லை.

கணக்கன்

தம்பி, உங்களுக்கு நடந்தது அநியாயம். நான் சொல்வதும் அதைத்தான். ஒருவருடைய கூலி இன்னொருவரின் அன்றைய மனநிலையில் தொங்கக்கூடாது.

அந்தக் காசு முழுசாக உங்களிடம் வருகிறதா என்பதும் வாடிக்கையாளருக்குத் தெரியாது. அமெரிக்காவில் சொந்த வண்டியில் அமேசானுக்கு டெலிவரி செய்யும் அமேசான் ஃப்ளெக்ஸ் ஓட்டுநர்களின் டிப்ஸை, நிறுவனம் தான் தருவதாகச் சொன்ன ஊதியத்துக்கு ஈடாக எடுத்துக்கொண்டது என்று அரசின் வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2021-ல் 6 கோடியே 17 லட்சம் டாலர் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டுதான் அந்த விவகாரம் முடிந்தது. கொடுத்தவர்கள் ஓட்டுநருக்கென்று நினைத்துத்தானே கொடுத்திருப்பார்கள்!

"நல்ல வேலைக்குப் பரிசு" என்ற வாதமும் நிற்காது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லின் என்ற பேராசிரியர் பல ஆண்டுகளாக இதையே ஆராய்கிறார். சேவையின் தரத்துக்கும் டிப்ஸின் அளவுக்கும் உள்ள தொடர்பு மிகவும் பலவீனமானது என்பது அவருடைய ஆய்வுகளில் வந்த முடிவு. அப்படியானால் எதற்குப் பரிசு கொடுக்கிறோம்? முகத்துக்கா, சிரிப்புக்கா? அந்தச் சிரிப்பை நம்பிச் சம்பாதிக்கும் பெண்கள் எத்தனை பேச்சைக் கேட்டும் பொறுத்துப்போக வேண்டியிருக்கிறது!

செவ்வந்தி

கடைசி வரிக்காகத்தான் எழுத வந்தேன். நான் ஹோட்டல் அறைகள் சுத்தம் செய்கிறேன், பதினோரு வருடம் ஆகிறது. எங்கள் சிரிப்பை யாரும் பார்ப்பதில்லை. விருந்தினர் வெளியே போன பிறகுதான் நாங்கள் உள்ளே போவோம். உணவு பரிமாறுபவருக்குக் கொடுப்பார்கள், பெட்டி தூக்குபவருக்குக் கொடுப்பார்கள். தலையணையில் ஒட்டிய முடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தவளைப் பற்றி நினைவே வராது.

கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அறையைக் காலி செய்யும் நாளில் மொத்தமாக வைக்காதீர்கள். நான்கு நாள் நான் சுத்தம் செய்திருப்பேன், ஐந்தாம் நாள் எனக்கு விடுமுறையாக இருக்கும். அன்றன்றைக்கு வையுங்கள். வெறுமனே மேசைமேல் போட்டுவிட்டும் போகாதீர்கள். அது எனக்கா, நீங்கள் மறந்து வைத்ததா என்று தெரியாது. தொட்டால் திருட்டுப் பட்டம். என்னோடு வேலை செய்த ஒரு அக்கா அப்படித்தான் மேனேஜர் முன்னால் நின்று பையைக் கொட்டிக் காட்டினார். ஒரு துண்டுத் தாளில் "சுத்தம் செய்பவருக்கு, நன்றி" என்று எழுதி அதன்மேல் வையுங்கள். அந்தத் தாள் இருந்தால் நாங்கள் தலை நிமிர்ந்து எடுத்துக்கொள்வோம்.

கணக்கன் அண்ணா, சம்பளம் ஒழுங்காக வந்தால் எனக்கும் டிப்ஸ் வேண்டாம்தான். வரும்வரை?

நிதானம்

செவ்வந்தி அக்கா சொன்ன தாள் விஷயம் எனக்கு இதுவரை தோன்றியதே இல்லை. நானே எத்தனையோ முறை விளக்குக்கு அடியில் நோட்டைச் செருகிவிட்டு, பெரிய உபகாரம் செய்ததாக நினைத்திருக்கிறேன்.

@கணக்கன் டிப்ஸை ஒழிக்க முயன்றவர்களும் உண்டு. டேனி மேயர் என்ற உணவக முதலாளி 2015-ல் தன் நியூயார்க் உணவகங்களில் டிப்ஸை எடுத்துவிட்டு, விலையை உயர்த்தி, அதிலிருந்து சம்பளம் கொடுக்கப் பார்த்தார். பக்கத்துக் கடைகளில் டிப்ஸ் தொடர்ந்ததால் பரிமாறுபவர்களில் பலர் வேலையை விட்டுப் போனார்கள். 2020-ல் மறுபடி டிப்ஸுக்கே திரும்பினார். நல்ல எண்ணமும் பணபலமும் இருந்த ஒரு முதலாளியாலேயே தனியாக முடியவில்லை. நானும் நீங்களும் தனியாகக் கையை மூடிக்கொண்டால் மட்டும் மாறிவிடுமா?

கணக்கன்

அவர் தனியாகச் செய்ததால்தான் தோற்றார். அதனால்தான் சட்டம் வேண்டும் என்கிறேன். பிரிட்டனில் 2024 அக்டோபர் 1 முதல், டிப்ஸில் ஒரு பைசா பிடிக்காமல் ஊழியர்களுக்கே கொடுக்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. சம்பளத்தை அது உயர்த்தாது, ஆனால் முதலாளியின் கையைக் கட்டுகிறது. சங்கம் வைத்துக் கேட்டால் இன்னும் வரும்.

செவ்வந்தி தங்கை, "வரும்வரை?" என்று நீங்கள் கேட்டதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. என் அம்மாவும் வீட்டு வேலைக்குப் போனவர். பண்டிகைக்குப் புடவை கிடைக்கும், சம்பள உயர்வு கிடைக்காது. அந்தப் புடவையை வாங்கிக்கொண்டு வரும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இனாம் என்றாலே எனக்கு ஆத்திரம் வருகிறது.

இனி அறையில் தாளோடு வைக்கிறேன். ஆனால் ஆப் முன்கூட்டிக் கேட்கும் கட்டத்தை மட்டும் எப்போதும் தொட மாட்டேன்.

நாலாம்மாடி

எல்லோருக்கும் நன்றி. இரவுச்சக்கரம் சொன்னபடி ஆர்டரைத் திறந்து பார்த்தேன், வழி இருந்தது, போட்டுவிட்டேன். என் கணவரிடம் இந்தப் பதிவுகளைக் காட்டினேன். அவர் கேட்ட ஒரு கேள்வி: எவ்வளவு என்று எதை வைத்து முடிவு செய்வது? உணவகத்தில் போல பில்லில் இத்தனை சதவீதம் என்றா? அப்புறம், கையில் காசு இல்லாதபோது அவர்கள் நம்பர் வாங்கிப் போனில் அனுப்பலாமா?

இரவுச்சக்கரம்

சதவீதம் எங்களுக்குப் பொருந்தாது மேடம். விலை உயர்ந்த ஒரு மோதிரம் சட்டைப்பையில் வந்துவிடும். மலிவான பத்துத் தண்ணீர் பாட்டில் தோளைக் கழற்றிவிடும். தூரம், எடை, மாடி, மழை, நேரம், இவற்றைப் பாருங்கள். லிஃப்ட் இல்லாத நாலாம் மாடி என்றால் பில் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அது பெரிய ஆர்டர்தான்.

போனில் அனுப்பலாம், ஆனால் அவர்களே சம்மதித்தால் மட்டும். பெண்கள் நம்பர் கொடுக்கத் தயங்குவார்கள். "பரவாயில்லை மேடம்" என்று ஒருமுறை சொன்னால் விட்டுவிடுங்கள், ஆப்பிலேயே போடுங்கள். காசே இல்லாத நாளும் எல்லோருக்கும் வரும். அன்றைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு இரண்டு வரி எழுதுங்கள். ரேட்டிங் ரொம்ப இறங்கினால் ஐடியையே பிளாக் பண்ணிவிடுவார்கள், அதனால் அதுவும் எங்களுக்குக் காசுதான்.

கணக்கன் சார், உங்கள் அம்மா விஷயம் படித்தேன். சங்கம் பற்றி நாங்கள் சிலர் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். வாடிக்கையாளர்கள் பக்கத்திலிருந்து நிறுவனத்துக்கு எழுத ஆள் கிடைத்தால் நல்லது. நீங்கள் எழுதுவீர்களா?

கணக்கன்

எழுதுகிறேன் தம்பி. காத்திருக்கும் நேரத்தையும் வெறும் வண்டியாகத் திரும்பும் தூரத்தையும் ஒரு வாரத்துக்குக் குறித்துத் தர முடியுமா? அதை வைத்து எழுதினால் அவர்களால் மழுப்ப முடியாது.

இரவுச்சக்கரம்

திங்கட்கிழமை காலையிலிருந்து குறிக்கிறேன் சார்.