உதவி: இறக்கும்போது பாய்மரம் பாதியில் ஒரு பக்கமாகச் சாய்கிறது

அலைவாசி:
அவசரமாகக் கேட்கிறேன், மன்னிக்கவும். சின்னப் படகுதான். இன்று மரத்தை இறக்கப் பார்த்தோம். பாதி வரை ஒழுங்காக வந்தது, அப்புறம் திடீரென்று இடது பக்கம் சாய்ந்துவிட்டது. அடியில் ஏதோ முறுகுகிற சத்தம். பயந்துபோய் மறுபடி நிமிர்த்திவிட்டோம். நாளைக்குள் இறக்கியாக வேண்டும். எங்கே தவறு?

நீலத்துடுப்பு:
கொஞ்சம் விவரம் சொல்லுங்கள். மரம் எவ்வளவு நீளம்? மேல்தளத்தில் கீல் மேல் நிற்கிறதா, தளத்தைத் துளைத்து அடிவரை போகிறதா? முன்பக்கம் சாய்க்கிறீர்களா, பின்பக்கமா? மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் கம்பிகளில் எவற்றைக் கழற்றினீர்கள்? படகு தண்ணீரிலா தரையிலா?

கப்பிப்பிரியன்:
கையால் தாங்கி இறக்கினால் இப்படித்தான் ஆகும். மரத்தின் அடியிலிருந்து முன்னோக்கி நீட்டிய 2 மீட்டர் கம்பு ஒன்று வையுங்கள். முன்கம்பியைக் கழற்றி அதன் நுனியில் மாட்டி, நுனியிலிருந்து படகின் முன்முனைக்கு நாலு மடங்குக் கப்பி போடுங்கள். பிரச்சினை முடிந்தது.

பழைய மாலுமி:
தம்பி, இது இங்கே நூறு முறை பேசியாயிற்று. பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்திருக்கலாம். கீலின் போல்ட் தேய்ந்திருக்கும். மரத்தின் அடிப்பகுதியே தெரியாமல் மரத்தில் கை வைக்கக் கூடாது.

அலைவாசி:
மரம் 7 மீட்டர், அலுமினியம். கீல் உண்டு, கேபின் கூரை மேல். பின்பக்கம்தான் சாய்க்கிறோம். முன்கம்பியை மட்டும் கழற்றினோம், பக்கக் கம்பிகள் அப்படியே இருக்கின்றன. ஒருவர் முன்னால் கயிறு பிடித்தார், நான் பின்னால் நின்று தோளில் வாங்கினேன்.

உப்புக்காற்று:
முதலில் ஒன்று: இறங்குகிற மரத்தின் அடியில் இனி யாரும் நிற்க வேண்டாம், நீங்களும்தான். தோளில் வாங்குகிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள். பின்முனையில் ஒரு கவட்டுத் தாங்கி வைத்தால் மரம் அதில் போய் உட்காரும். தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் படகை வேறு இடத்துக்குக் கொண்டு போன பிறகுதான் மற்றதெல்லாம். அலுமினிய மரம் மின்சாரத்தைக் கடத்தும். உலோகக் கம்பிகளும் கடத்தும்.

நீலத்துடுப்பு:
இப்போது புரிகிறது. பக்கக் கம்பிகள் படகின் ஓரத்தில் மாட்டியிருக்கும் இடம் கீலை விடக் கீழே இருக்கிறதா? கீலுக்குப் பின்னால் தள்ளியிருக்கிறதா?

அலைவாசி:
அளந்தேன். 40 செ.மீ. கீழே, 15 செ.மீ. பின்னால்.

நீலத்துடுப்பு:
அதுதான் காரணம். அந்த இடம் கீலின் அச்சுக்கு நேராக இருந்தால், மரம் எந்தக் கோணத்தில் இருந்தாலும் கம்பியின் விறைப்பு மாறாது. உங்களுக்குக் கீழேயும் பின்னாலும் இருப்பதால், மரம் சாயச் சாயக் கம்பி தொய்கிறது. 45 பாகையில் ஏறக்குறைய ஒரு சாண் தொய்வு வந்திருக்கும். பக்கத்தில் பிடிக்க எதுவும் இல்லாமல், பாரம் முழுவதும் கீல் போல்ட்டை முறுக்கியிருக்கிறது. சத்தம் அதனால்தான்.

செய்ய வேண்டியது இது. இரு பக்கமும் ஒவ்வொரு இரும்பு வளையத்தை, கீலின் அச்சு நீளுகிற கோட்டில், அதே உயரத்தில் நிறுத்துங்கள். வளையத்திலிருந்து படகின் ஓரத்துக்கு முன்னால் ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு, நேர் கீழே ஒரு கயிறு. அப்போதுதான் அது நகராது. வளையத்திலிருந்து மரத்தில் 2 மீட்டர் உயரத்துக்கு இறுக்கமாக ஒரு தாங்குகயிறு. தொடக்கம் முதல் கடைசி வரை அது தொய்யாது. நீளாத கயிறாக இருக்கட்டும், நைலான் வேண்டாம்.

கப்பிப்பிரியன்:
அதோடு கம்பும் வேண்டும். மரம் 20 கிலோ என்று வையுங்கள். படுத்த நிலையில் பாரம் கீலிலிருந்து 3.5 மீட்டரில் இருக்கிறது. 2 மீட்டர் கம்பு, படகு முனை 2 மீட்டர் முன்னால் என்றால், கப்பியில் விழுவது ஏறக்குறைய 55 கிலோ. நாலு மடங்குக் கப்பியில் கைக்கு வருவது 14. உராய்வோடு கொஞ்சம் கூடும். கம்பு இல்லாவிட்டால் கயிறு முனையிலிருந்து நேராக மரத்துக்குப் போகும். உங்கள் முனை கீலை விடத் தாழ்வாக இருந்தால், மரம் படுத்ததும் அந்தக் கயிறு கீலுக்குக் கீழே போய்விடும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் மரம் எழாது.

பழைய மாலுமி:
தனிக் கம்பு எதற்கு? பாயின் கீழ் விளிம்பை விரித்துப் பிடிக்கும் அடிக்கட்டையே போதும். முப்பது வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

கப்பிப்பிரியன்:
அடிக்கட்டை மரத்தோடு சேரும் மூட்டு எல்லாப் பக்கமும் ஆடும். பக்கத்துக் கட்டு இல்லாமல் பாரம் ஏற்றினால் சரேலென்று ஒரு பக்கம் திரும்பிவிடும்.

பழைய மாலுமி:
கட்ட வேண்டியதுதானே. உங்கள் கம்புக்கும் அதே கட்டு வேண்டும்.

கப்பிப்பிரியன்:
சரி, கம்புக்கும் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மூட்டு எவ்வளவு அமுக்கம் தாங்கும் என்று பார்க்காமல் எல்லாருக்கும் சொல்லாதீர்கள்.

உப்புக்காற்று:
இருவரும் இதற்குத் தனி இழை தொடங்கலாம், நான் விருப்பத்தோடு படிப்பேன். அலைவாசி, இரண்டு கேள்விகளுக்கு இன்னும் பதில் வரவில்லை. படகு எங்கே நிற்கிறது? முன்பக்கமாக இறங்குகிற தாழ்ந்த பக்கக் கம்பிகள் உண்டா? இருந்தால் அவற்றைக் கழற்றாமல் மரம் பின்னால் போகாது.

அலைவாசி:
அவை இல்லை, ஒரு ஜோடிதான். படகு டிரெய்லரில் இருக்கிறது. இறங்குதளத்தின் ஓரத்தில் நிறுத்தியிருக்கிறோம், இடது பக்கம் கொஞ்சம் சரிவு.

நீலத்துடுப்பு:
இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்! அதனால்தான் இடது பக்கம் சாய்ந்தது. சமதரைக்கு மாற்றுங்கள், மட்டப்பலகை வைத்துப் பாருங்கள். காற்று இல்லாத நேரத்தில் செய்யுங்கள். மரத்தின் அடியில் போகும் விளக்கு ஒயரைக் கழற்ற மறக்காதீர்கள். ஏற்றும்போது ஒருவர் டர்ன்பக்கிள்களை, அதாவது கம்பிகளை இறுக்கும் திருகுகளை, மட்டும் பார்க்கட்டும். ஒன்று மடங்கிச் சிக்கினால் உடனே நிறுத்துங்கள்; அப்படியே இழுத்தால் அதன் திருகு வளைந்துவிடும்.

அலைவாசி:
இறங்கிவிட்டது. சமதரை, வளையம், கம்பு, மூன்று பேர். துளியும் ஆடவில்லை. எல்லாருக்கும் நன்றி.

பழைய மாலுமி:
நல்லது. கீல் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தீர்களா? முறுகிய சத்தம் சும்மா வராது. வளைந்திருந்தால் அதே போல்ட்டில் மறுபடி ஏற்றாதீர்கள்.

நீலத்துடுப்பு:
இதில் அவர் சொல்வதோடு நானும் உடன்படுகிறேன். போல்ட்டை ஒரு கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள், வளைவு தெரிந்துவிடும்.

உப்புக்காற்று:
அலைவாசி, பார்த்தீர்களா?